தேதிக்கு விட்ட இடம்

4 பிப்ரவரி 1978

அன்புத் தம்பிக்கு,

நீ கட்சித் தலைவராகிவிட்டாய் என்பதை ரேடியோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கூடப்பிறந்தவளுக்கு ஒரு தந்தி அடிக்கவும் உனக்கு நேரமில்லை. போகட்டும். நேற்று கோர்ட்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். உன்னை 'வாய்தா வக்கீல்' என்று கேலி பேசிய அதே ஆட்கள் என்னிடம் வந்து, "அப்பவே எங்களுக்குத் தெரியுங்க, இவரு பெரிய ஆளா வருவாருன்னு" என்று வழிந்தார்கள். எந்த வழக்கானாலும் முதல் நாள் எழுந்து நின்று வாய்தா கேட்பாயே, அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. பஸ் தொழிலாளர் வழக்கு மட்டும்தான் ஞாபகம். நாற்பது பேருக்குப் போன வேலையை வாங்கிக் கொடுத்தாய். அவர்கள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் போனவன்தான் நீ. செருப்புக்கடை மாடியில், நம் ஆபீசில், உன் மேஜை ஆறு வருடமாக உனக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், இப்போது என் வழக்குக் கட்டுகளைச் சுமக்கிறது.

நேற்று ஆள் அனுப்பி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தேர்தலில் நிற்கும் உன் ஆட்கள் எல்லோரும், ஜெயிப்பதற்கு முன்பே, பதவி விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு உன்னிடம் தந்துவிட வேண்டும். தேதி மட்டும் போடக் கூடாது. கடிதத்தை நான் எழுதித் தர வேண்டும். பிறகு எவனும் 'இது என் கையெழுத்தே இல்லை' என்று பல்டி அடிக்காமலிருக்க, நோட்டரி என்ற முறையில் நான் சான்று முத்திரையும் குத்த வேண்டும். இவ்வளவுதானே?

எழுதியிருக்கிறேன். 'எவருடைய வற்புறுத்தலுமின்றி, முழு மனதோடு, என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று தொடங்கும் வாக்கியத்தைப் பார். எந்தச் சபாநாயகரும் அதற்குள் விரல் நுழைக்க முடியாது. எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் தேதியில்லாத காகிதத்தில் இதுவரை நான் முத்திரை வைத்ததில்லை. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல், சுற்றி வளைக்காதே. அந்த இடத்தில் தேதி போடப்போவது யார்?

உன் அக்கா

15 பிப்ரவரி 1978

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி அடிக்காதது தப்புதான். காதைத் திருகுவதென்றால் நேரில் வந்து திருகிக்கொள்.

உன் கேள்விக்கு நேர்ப் பதில்: யாரும் போடப்போவதில்லை. அந்தக் கடிதங்கள் என் பீரோவில் தூங்கும். நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். முந்தைய தலைவரின் கோப்புக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்த காலத்தில், ஒரு நாள் காலையில் ஒன்பது பேர் கட்சி மாறினார்கள். மதியம் ஆட்சி கவிழ்ந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "டீ வருமா?" என்று கேட்டார். யாரும் கொண்டுவரவில்லை. டீ கொண்டுவருகிறவன்கூட அந்தப் பக்கம் போய்விட்டான். அக்கா, எனக்கு அந்த நிலை வரக் கூடாது. அதற்காக நான் எதுவும் செய்வேன்.

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அறுபத்துமூன்று பேரும் இரண்டு பஸ்ஸில் உன் ஆபீசுக்கு வருவார்கள். அறுபத்துநான்காவது ஆள் உன் வீட்டிலேயே இருக்கிறார். ஆமாம், அத்தானைத்தான் சொல்கிறேன். உங்கள் தொகுதியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் "நம்ம மாட்டு டாக்டரா?" என்று திறப்பார்கள். என்னிடம் பேச்சாளர்கள் நிறைய இருக்கிறார்கள், ஜனங்கள் நம்புகிற ஆள் ஒருவரும் இல்லை. மாட்டேன் என்பார். நீ சொன்னால் கேட்பார். எனக்காகச் சொல்.

உன் தம்பி

2 மார்ச் 1978

தம்பிக்கு,

நடந்ததை எழுதுகிறேன், கேட்டுக்கொள். செருப்புக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து வைத்து, படியேறுகிறவர்களின் செருப்பையெல்லாம் பார்த்துப் பார்த்து நொந்துபோனார். "நாட்டை ஆளப் போறவங்க, ஒருத்தர் செருப்பும் உருப்படியா இல்லையேம்மா" என்றார். காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணிக்கு முடிந்தது. ஒருவராவது கடிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் படிக்கவில்லை. ஒருவர் மட்டும், "எங்க போடணும்?" என்று கேட்டார். மற்றவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை, நான் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

படித்தது உன் அத்தான் மட்டும்தான். எல்லோருக்கும் கடைசியாக வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தார்.

"இதுல சொந்த விருப்பம்னு இருக்கே. யாருடைய சொந்த விருப்பம்?"

"உங்களுடையதுதான்."

"நான் இன்னும் விரும்பவே இல்லையேம்மா. வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே ரிட்டையர் ஆகச் சொல்றான் உன் தம்பி."

"அவன் பயந்துபோயிருக்கான். பீரோவுலதான் இருக்குமாம். போடுங்க, பஸ் நிக்குது."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு, "நீ சொன்னா சரி" என்று போட்டார். இதை உனக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியது. மற்ற அறுபத்துமூன்று பேரும் உன்னை நம்பிப் போட்டார்கள். இவர் என்னை நம்பிப் போட்டார்.

அக்கா

20 ஜூன் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

இனிமேல் போனில் கூப்பிடாதே. நாம் பேசும்போது நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது பழைய வயர் என்றுதானே நினைத்தாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்துறையில் உட்கார்ந்து கேட்கிறார்களாம். பிரதமர் பேசுவதையுமா கேட்பீர்கள் என்று என் செயலாளரிடம் கேட்டேன். "எல்லாரும் பேசறதையும் கேக்கணும்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

நான் பிரதமராகி ஒரு வருடம் முடிந்துவிட்டது. நீ இன்னும் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பதவியேற்பன்று முன்வரிசையில் உனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். 'கோர்ட்டில் வேலை இருக்கிறது' என்று சொல்லி அனுப்பினாய். அன்று சனிக்கிழமை, அக்கா. நான் மறக்கவில்லை.

அத்தானைப் பற்றி எழுத வேண்டும். தேர்தலை மூன்று வருடம் தள்ளிவைக்கும் மசோதா வரப்போகிறது. நாட்டில் நிலைமை அப்படி, விளக்க நேரமில்லை. போன வாரம் அவையில் அத்தான் எழுந்து, "மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு பாக்க வந்த டாக்டரே தெர்மாமீட்டரை உடைச்சுப் போட்டா எப்படிங்க?" என்று கேட்டார். அவை முழுக்க ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். யார் யார் சிரித்தார்கள் என்று செயலாளர் எழுதிக்கொண்டார். நான் சொல்லவில்லை, அவராகவே எழுதினார்.

இதுவரை மூன்று பேர் ராஜினாமா செய்திருக்கிறார்கள். பத்திரிகையில் பார்த்திருப்பாய். முதல் ஆள் எதிர்க்கட்சியோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டாமவர் என்னைப் பற்றிக் கண்டபடி பேசினார். மூன்றாமவர் என்ன செய்தார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஏதோ செய்திருப்பார்.

அத்தானிடம் பேசு. எழுந்து நின்று பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

உன் தம்பி

1 ஜூலை 1979

தம்பிக்கு,

பத்திரிகையில் பார்த்தேன். மூன்று பேரின் கடிதத்தையும் அப்படியே அச்சடித்திருந்தார்கள். மூன்றிலும் 'எவருடைய வற்புறுத்தலுமின்றி, முழு மனதோடு'. என் வாக்கியம். டீக்கடையில் ஒருவர் அதைச் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் உச்சுக்கொட்டிக்கொண்டு, "மனசார எழுதியிருக்காருய்யா பாவம்" என்றார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பீரோவில் தூங்கும் என்றாய். எழுப்பிவிட்டது யார்?

தேர்தலுக்கே வாய்தா கேட்கிறாயாமே. வழக்கில் வாய்தா கேட்டால் எதிர்க்கட்சிக்காரன் எழுந்து ஆட்சேபிப்பான், நீதிபதி பார்த்து ஒரு தேதி கொடுப்பார். நீ வக்கீலாகவும் நின்றுகொண்டு, நீதிபதியாகவும் உட்கார்ந்துகொண்டு, ஆட்சேபிப்பவனை வெளியே அனுப்பிவிட்டு வாய்தா கொடுத்துக்கொள்கிறாய். இதற்குத்தானா அந்த நாற்பது பேர் உன்னைத் தோளில் தூக்கினார்கள்?

பதவியேற்புக்கு நான் வராததைச் சொல்லிக் காட்டினாயே. காரணம் பயம்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உன்னைப் பார்த்துக் கைதட்டுவேன் என்று தெரியும். தட்டிய கையோடு திரும்பி வந்து முத்திரையை எடுக்க முடியாது என்றும் தெரியும்.

அத்தானிடம் பேசினேன். நீ சொன்னதற்காக இல்லை. அந்த மூன்று கடிதங்களைப் பார்த்த பயத்தில். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது, கிடேரிக் கன்று ஒன்றுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். மெதுவாக ஆரம்பித்தேன்.

"கொஞ்ச நாளைக்கு எதுவும் பேசாம இருங்களேன்."

"இருக்கலாம். உன் தம்பி கேட்டா வாயை மூடிக்கலாம். ஓட்டுப் போட்டவன் வந்து கேட்டா என்ன சொல்றது? இதோ பாரு, மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறான்."

"அவன்கிட்ட உங்க கையெழுத்து இருக்கு."

"இருக்கட்டும். நான் செத்தா போயிடுவேன்? பதவிதானே போகும். மறுபடியும் ஊசிதானே போடப்போறேன்."

அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துண்டைத் தேடினார். இவருக்குப் பதவி பெரிதில்லை, எனக்கும் இல்லை. வேண்டுமென்றால் நீயே அவரைக் கூப்பிட்டு, 'அத்தான், வீட்டுக்குப் போங்க' என்று சொல்லி அனுப்பிவிடு. சந்தோஷமாக வந்துவிடுவார். ஆனால் அந்தக் காகிதத்தை அவருக்குத் தெரியாமல் எடுக்காதே. அவரை ஒன்றும் செய்யாதே. அக்கா கேட்கிறேன்.

அக்கா

27 ஆகஸ்ட் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

வேலைப் பளு காரணமாக இதைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை மசோதா நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது, சரியாகக் கிடைத்தது. அத்தான் எதிர்த்து வாக்களித்தார். ஆனால் அதற்கு முதல் நாளான புதன்கிழமை, 22ஆம் தேதியே அவர் பதவி விலகிவிட்டதால், அவருடைய வாக்கு செல்லாது எனச் சபாநாயகர் அறிவித்தார். அதனால்தான் மூன்றில் இரண்டு பங்கு சரியாக வந்தது.

அத்தான் மிகவும் களைத்திருக்கிறார். எனவே அரசு விருந்தினர் மாளிகையில் என் விருந்தினராகத் தங்கியிருக்கிறார். அறை வசதியாக இருக்கிறது. மருத்துவர் தினமும் பார்க்கிறார். அவர் யாரையும் சந்திக்க விரும்பவில்லை. நீ வர வேண்டாம்.

உன் தம்பி

30 ஆகஸ்ட் 1979

அவர் எங்கே?

விருந்தினர் மாளிகைக்கு நேற்றே போனேன். உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வாசலில் இருந்தவன், "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்றான். பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். மாடி ஜன்னல்களில் இரண்டுக்குப் புதிதாகப் பலகை அடித்திருந்தது. கீழே நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டேன். கோர்ட்டில் நான் எவ்வளவு சத்தமாகப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். அதைவிடச் சத்தமாகக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. இரண்டு போலீஸ்காரப் பெண்கள் வந்து என்னை ரயில் ஏற்றிவிட்டார்கள். டிக்கெட்டும் அவர்களே எடுத்திருந்தார்கள். எனக்கு ஒரு சீட்டு எடுத்தவர்களுக்கு அவருக்கும் ஒன்று எடுக்கத் தோன்றவில்லையே என்று வழி முழுக்க அழுதேன்.

இப்போது கேட்டுக்கொள். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த அறுபத்துநான்கு கடிதங்களில் நான் தேதி போடவில்லை. நீ சொன்னபடி விட்டுவிட்டேன். ஆனால் முத்திரை குத்தினால் நோட்டரி பதிவேட்டில் எழுத வேண்டும். நீ எழுதச் சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உனக்கு அது தோன்றவே இல்லை. நீ எப்போதும் வாதாடுகிறவன், பதிவேட்டைத் திறந்து பார்த்தவனில்லை. இருபது வருடப் பழக்கத்தில் என் கை தானாக எழுதிவிட்டது. வரிசை எண் 211 முதல் 274 வரை. ஒவ்வொருவர் பெயர், ஆவணத்தின் தன்மை 'உறுப்பினர் பதவி விலகல்', நாள் 26 பிப்ரவரி 1978, நேரம், எதிரே அவரவர் கையெழுத்து. தேர்தல் நடந்தது மே மாதம். கிடைக்காத பதவியை ஒருவன் எப்படி விட்டு விலக முடியும்? சட்டக் கல்லூரி முதல் வருட மாணவன்கூட இதைக் கேட்பான். கடிதங்கள் அத்தனையும் செல்லாது. அத்தானின் வாக்கு செல்லும். உன் மசோதா ஒரு வாக்கில் விழும்.

செப்டம்பர் பத்தாம் தேதி மனு தாக்கல் செய்கிறேன், பதிவேட்டோடு. தேதியில்லாத காகிதத்தில் முத்திரை வைத்தேன் என்று நானே ஒப்புக்கொள்ளப் போகிறேன். என் உரிமம் போகும். ஜெயிலுக்கும் போவேன். அந்தப் படியில் ஏறிவந்த அறுபத்துநான்கு பேருக்கும் விரல் வைத்துக் காட்டியவள் நான், போக வேண்டியதுதான்.

பத்தாம் தேதிக்குள் அவரை வீட்டுக்கு அனுப்பு.

6 செப்டம்பர் 1979

அக்கா,

இதை நானே என் கையால் எழுதுகிறேன். செயலாளர் கொண்டுவந்து தருவார், நீ படித்து முடிக்கும் வரை உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கு டீ கொடுக்க வேண்டாம், குடிக்க மாட்டார்.

பதிவேடு! அந்த இடத்தை இன்னொரு முறை படித்தேன். பிறகு சிரித்தேன். எதிர்க்கட்சி, ராணுவம், பத்திரிகை, எல்லோரும் சேர்ந்து செய்ய முடியாததை என் அக்காவின் கைப்பழக்கம் செய்துவிட்டது. நீ எழுதினால் விரல் நுழைக்க இடமிருக்காது என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். எனக்கே இடமில்லாமல் எழுதிவைத்திருக்கிறாய்.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. நீ நம்ப மாட்டாய், ஆனால் இல்லை. நீ என்னை எப்போதும் வாய்தா கேட்கிற பயலாகவே பார்த்தாய் என்ற வருத்தம் மட்டும் உண்டு. நான் ஏன் வாய்தா கேட்டேன் தெரியுமா? தயாராக வந்த வழக்கிலும் பயத்தில்தான் கேட்டேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இங்கே நாற்காலியில் சாயும்போதெல்லாம், பின்னால் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போவதுபோலவே இருக்கிறது. நான் இறங்கினால் என்னை உயிரோடு விட மாட்டார்கள், அக்கா. அதனால் இறங்க மாட்டேன்.

அத்தான் நன்றாக இருக்கிறார். நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நெஞ்சில் கொஞ்சம் வலி இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். அவர் பொறுப்பான ஆள், எதற்கும் முன்கூட்டியே தயாராக இருப்பார். ஒரு சான்றிதழ் எழுதி, மாரடைப்பு என்று காரணத்தையும் குறித்து, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்திருக்கிறார். தேதி மட்டும் இன்னும் போடவில்லை.

பதிவேட்டைச் செயலாளரிடம் கொடு. சாயங்காலம் அதே காரில் அத்தான் வீட்டுக்கு வந்துவிடுவார்.

உன் தம்பி

8 செப்டம்பர் 1979

கொடுத்துவிட்டேன். ரசீது கேட்டேன். உன் செயலாளர் முதல் முறையாகச் சிரித்தார்.

அறுபத்துநான்கு பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேராவது அதை வைத்துத் தப்பித்திருப்பார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். ஒருவருக்காக மற்றவர்களைக் கைகழுவினேன், அதை வேறு எந்தப் பெயர் சொல்லியும் மூட மாட்டேன்.

அன்று மாலை ஆறரை மணிக்கு அவர் வந்தார். காரிலிருந்து இறங்கி, வாசலிலேயே நின்றார். உள்ளே வரலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார். சொந்த வீட்டில். சட்டை வேறு யாருடையதோ. என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணலை" என்றார். மறுநாளும் கேட்டேன். "ஒண்ணும் பண்ணலை, கேக்காதே" என்றார். இன்று காலை ஒருவர் கன்றுக்குட்டியோடு வந்தார். இவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடு" என்று என் கையைப் பிடித்தார்.

இனி எனக்கு எழுதாதே. எனக்குத் தம்பி இல்லை.

10 ஜனவரி 1980

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். நான்கு மாதம் எழுதாமல் இருந்தேன். உன் கோபம் நான்கு மாதத்துக்கு மேல் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் நிற்கும் ஜீப்பைப் பற்றிக் கலெக்டரிடம் புகார் கொடுத்தாயாமே. அது உங்கள் பாதுகாப்புக்காக நான் போட்டது. அத்தான் வெளியே வருவதே இல்லை என்று ஜீப்பில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல். மருத்துவர் எழுதிக்கொடுத்த காகிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு சின்ன உதவி. உச்ச நீதிமன்றத்துக்குப் புதிதாகப் பதினொரு நீதிபதிகளை நியமிக்கப் போகிறோம். நியமன ஆணை கொடுப்பதற்கு முன்பு, ஒவ்வொருவரிடமும் ஒரு விலகல் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். இங்கே சட்டத் துறையில் எழுதியதைப் பார்த்தேன். ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. நீதிபதிகள் படித்துப் பார்ப்பார்கள் இல்லையா? உன்னைப் போல எழுத இங்கே ஆளில்லை.

முத்திரை வேண்டாம். பதிவேடும் வேண்டாம். எழுதி மட்டும் கொடு. இருபதாம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது.

உன் தம்பி

17 ஜனவரி 1980

மாண்புமிகு பிரதமர் அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

எல்லாக் கடிதங்களிலும் உடல்நலக் குறைவு என்றே காரணம் காட்ட வேண்டாம். ஒரே மாதத்தில் இரண்டு நீதிபதிகளுக்கு மேல் நோய் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். எனவே காரணம் வேறு வேறாக, நான்கு மாதிரிகள் எழுதியிருக்கிறேன். பதவிப் பிரமாணம் எடுத்த நாளைக் குறிக்கவும் ஓர் இடம் விட்டிருக்கிறேன். அதைப் பின்னர் நிரப்பிக்கொண்டால், பதவிக்கு வருமுன்பே எழுதப்பட்டது என்று எவரும் வாதிட முடியாது. போன முறை நான் விட்ட ஓட்டை அதுதான். இப்போது அடைத்துவிட்டேன்.

ஐந்து நாட்கள் இதை எழுதாமல் இருந்து பார்த்தேன். தாங்கள் அனுப்பிய கடிதத்தைச் சமையலறையில் அரிசி டப்பாவுக்கு அடியில் மறைத்து வைத்தேன். அவர் எப்படியோ பார்த்துவிட்டார். கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன், நிஜமாகவே எதிர்பார்த்தேன். முழுவதும் படித்துவிட்டு, "எழுதிக் குடுத்துடும்மா" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு எனக்கு எதிர்த்து நிற்க யாரும் துணையில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்குப் பயமாக இருப்பதைப் பார்ப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

இப்போது ஒரு விஷயம் நடந்துகொண்டிருக்கிறது. நான்கு மாதமாக வாசற்படி தாண்டாதவர், இந்த உறையைத் தானே கொண்டுபோய்த் தபாலில் போடுவதாகச் சொல்லிச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். தலை வாரிக்கொண்டார். அதைப் பார்த்ததும், எதற்காகப் போகிறார் என்பதை மறந்து ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நானே மன்னிக்கப் போவதில்லை.

நேரமாகிவிட்டது, அவர் உறைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஜீப்பில் இருப்பவர்களிடம் போய், "தபால் பெட்டி வரைக்கும்தான் போறாருங்க, உடனே திரும்பிடுவாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தங்கள் பணிவுள்ள,
நோட்டரி